அய்யாதுரை வீட்டு மெயில் கமிட்டி

2005-ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், விருதுநகர் அய்யாதுரை தன் வீட்டுக் கம்ப்யூட்டரை அடுத்த வருஷத்துக்கு அனுப்பிவைத்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் மசாலாப் பொடிக் கடை வைத்திருக்கும் பலவேசம், முந்தின நாள் மெயிலில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். காலண்டர் அட்டைக்கு என்னென்ன முருகன் படம் இருக்கிறது என்பது ஒன்று. வருகிற பொங்கல் என்ன கிழமை என்பது இன்னொன்று. மெயிலில் வந்த கேள்விக்குக் கம்ப்யூட்டரிலேயே பதில் தேடுவதுதான் கௌரவம் என்பது அய்யாதுரையின் எண்ணம். திரையின் மூலையில் மணி காட்டிக்கொண்டிருந்த கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். சின்னதாக ஒரு காலண்டர் விரிந்தது. வருஷத்தை 2006 ஆக்கி, மாதத்தை ஜனவரி ஆக்கி, பதினான்கின் மேல் அமுக்கினார். சனிக்கிழமை. அடியில் 'ஓகே' என்று ஒரு பொத்தான் இருந்தது. எல்லாம் ஓகேயாகத்தான் இருந்தது என்பதால் அதையும் அமுக்கினார்.

அந்தக் கணம் முதல் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பொங்கல் வந்துவிட்டது. அய்யாதுரை அது தெரியாமல் மூன்று முருகன் படங்களை இணைத்து, 'மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு, பொங்கல் சனிக்கிழமை என்பதைப் பணிவுடன் உறுதி செய்கிறோம்' என்று எழுதி அனுப்பிவிட்டு இட்லி சாப்பிடப் போனார்.

அவர் சிவகாசி அச்சகம் ஒன்றில் பார்சல் கட்டுகிற பிரிவில் இருந்தவர். அப்புறம் வெளியே வந்து காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட் ஆனார். நகைக்கடை, ஜவுளிக்கடை, கூட்டுறவு வங்கி என்று ஏறி இறங்கி ஆர்டர் வாங்குவார். சிவகாசியில் அடித்துக் கொடுப்பார். அவர் காலண்டர் அதுவரை போன தூரம் தெற்கே நாகர்கோவில், வடக்கே திண்டுக்கல். பலவேசத்தின் ஆர்டர்தான் கடல் தாண்டப் போகிற முதல் ஆர்டர். அது கைக்கு வருவதற்கு முன்பே விசிட்டிங் கார்டில் 'இன்டர்நேஷனல் காலண்டர் கன்சல்டன்ட்' என்று அடித்து, பஜாரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தார். பழக்கடைக்காரர் ஒருவர் இரண்டு கார்டு வைத்திருந்தார். ஆகவே ஆர்டர் தவறினால் கமிஷன் மட்டும் போகாது. பஜார் வழியாக நடமாடுகிற வசதியும் சேர்ந்து போய்விடும்.

கெடு ஆடி பதினெட்டு. அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்து வெளியிட்டு, சீசனைத் தொடங்குவார்கள். அதற்குள் மிஷினில் இடம் பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் கப்பலில் போகிற சரக்கு பொங்கல் கழித்துத்தான் போய்ச் சேரும். பலவேசம் இதெல்லாம் தெரிந்தவர், பூர்வீகம் சிவகாசிப் பக்கம் ஏழாயிரம்பண்ணை. புதன்கிழமை ஆடி பதினெட்டு, அதற்குள் முடிவாகாவிட்டால் வேறு ஏஜென்ட் பார்த்துக்கொள்வேன் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்துக் காத்திருந்தும், வெள்ளி சாயங்காலம் வரை பதில் இல்லை. சனிக்கிழமை காலையில் அய்யாதுரை அதே மெயிலை, 'மேன்மை தங்கிய' என்பதை 'பெருமதிப்பிற்குரிய' என்று மாற்றி, மறுபடி அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. போதாததற்கு, கம்ப்யூட்டரைத் திறந்தாலே வைரஸ் தடுக்கிற சாப்ட்வேர் சிவப்புப் பெட்டி ஒன்றைக் காட்டி, தங்கள் ஓராண்டு உரிமம் முடிந்துவிட்டது என்றது. அவர் அதை வாங்கியதே போன கார்த்திகையில்தான்.

"ஒரு போனைப் போட்டுக் கேட்டுருங்களேன்" என்றாள் மனைவி பொன்னுத்தங்கம், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

"நம்ம தொடர்பெல்லாம் மெயில்லதான்னு முத லெட்டர்லயே எழுதியிருக்கேன். இப்பப் போயி போன்ல 'அண்ணாச்சி, மெயில் வந்துச்சா'ன்னு கேட்டா என்ன நினைப்பாரு?"

"கேக்காட்டி மட்டும் என்ன நினைச்சுக்கிட்டு இருக்காராம்?"

அய்யாதுரை இந்தக் கேள்வியை வியாபாரம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி என்று ஒதுக்கிவிட்டு, முனியராஜுக்கு ஆள் அனுப்பினார்.

முனியராஜ் கம்ப்யூட்டர் விற்பவன். விற்றதை ரிப்பேர் பார்ப்பவனும் அவனே. எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் அவனிடம் இருந்த மருந்து ஒன்றுதான். பைக்கை நிறுத்தும்போதே சொல்லிவிடுவான்.

"பார்மேட் அடிச்சுருவோம் அண்ணாச்சி."

"ஏலே, என்ன கோளாறுன்னு பாக்கவே இல்ல, அதுக்குள்ள அடிக்கங்கிறயே."

"பாத்தாலும் அதான் அடிக்கணும்."

"நீ வித்த வைரஸ் சாப்ட்வேரு ஒரு வருஷத்துக்கா எட்டு மாசத்துக்கா?"

"வருஷத்துக்குத்தான். வைரஸு உள்ள போயி அதோட ஆயுசைத் தின்னுருச்சு. இப்ப வர்ற வைரஸெல்லாம் அப்படித்தான்."

பார்மேட் அடித்ததில் கம்ப்யூட்டரிலிருந்த சகலமும் போனது. மூன்று முருகன்களும் போனார்கள். கடிகாரத்தின் தேதி மட்டும் போகவில்லை. அது பார்மேட்டுக்குக் கட்டுப்படாத இடத்தில் இருந்தது. விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது அது நியாயமாக ஒரு கேள்வி கேட்டது: இன்றைய தேதி ஜனவரி 15, 2006 என்பது சரிதானா? முனியராஜ் பார்த்தான். அவன் காலையில் போய்வந்தது ஒரு அச்சகம். அங்கே எல்லாத் திரையிலும் 2006. அதற்கு முன்பு ஒரு டைரிக் கம்பெனி, அங்கேயும் 2006. இங்கே அய்யாதுரை வீட்டுச் சுவரில் சாம்பிளாகத் தொங்கியதும் 2006. சிவகாசி வட்டாரத்தில் ஆடி மாதம் யாராவது 2005 என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் அடுத்த பொத்தானை அமுக்கிவிட்டு டீ கேட்டான்.

முருகன்களைச் சிடியில் போட்டு சிவகாசியிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாதுரை மூன்றாம் முறை அனுப்பினார். கிள்ளானிலிருந்து சத்தமே இல்லை.

விருதுநகரில் ஒரு காரியம் தனி ஆளால் ஆகவில்லை என்றால் அதற்குக் கமிட்டி போட்டுவிடுவது வழக்கம். அய்யாதுரை, தன்னைத் தலைவராகக் கொண்டு, மெயிலுக்கு எந்தச் சாப்ட்வேர் உகந்தது என்று முடிவெடுக்க அன்று மாலை தன் வீட்டிலேயே ஒரு கூட்டம் கூட்டினார். முனியராஜ் வந்தான். சர்ச் முடித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு செல்வமணி சார் வந்தார். மிஷன் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர், மதுரையில் நடந்த கம்ப்யூட்டர் பயிலரங்கம் ஒன்றில் சான்றிதழ் வாங்கியவர், பேச்சில் அந்தப் பயிலரங்கம் வராத நாள் குறைவு. மூன்றாவது ஆள் அடுத்த வீட்டுக் கருப்பணன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். கம்பெனிக் கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை, தொடுகிறவரை மேய்ப்பவர்.

சேவும் டீயும் வந்தன. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கிள்ளான் பார்ட்டிக்கு நாம அனுப்புற மெயில் போகுதா, போகலையா, அவுக போடுற பதில் நமக்கு வருதா, வரலையா, ஒண்ணும் தெரியல. புதன்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும். எந்தச் சாப்ட்வேர் நல்லது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

முனியராஜ், விண்டோஸுடன் சும்மா வருகிற அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இருக்கும்போது வேறெதுவும் தேவையில்லை என்றான். "அதுல எனக்குப் பழக்கம் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்."

"அப்படித்தான் போட்டிருக்க" என்றார் கருப்பணன்.

செல்வமணி சார் பையிலிருந்து கைக்குட்டையில் பொதிந்த சிடி ஒன்றை எடுத்தார். தண்டர்பேர்ட். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்தது. "இது திறந்த மூலம். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். குப்பை மெயிலைத் தானே படித்துத் தானே ஒதுக்கும். நாம் பழக்கப்பழக்க அதற்கு அறிவு வளரும். மதுரைப் பயிலரங்கத்தில்..."

"சார், அறிவு வளர்ற வரைக்கும் ஆடி பதினெட்டு காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டான் முனியராஜ்.

கருப்பணன் கடைசியாகப் பேசினார். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே சரக்கை இறக்கி வைக்கப் பாக்கீக. நான் சொல்றது வேற. வெடிமருந்தையும் மெயிலையும் வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது. குடோன் வெளிய இருக்கணும். இன்டர்நெட்லயே மெயில் வச்சிருக்கான் பாருங்க, அங்கனயே போயிப் பாத்துட்டு, அங்கனயே பூட்டிட்டு வந்துரணும். இங்க தீப்பிடிச்சாலும் சரக்கு பத்திரம்."

"லைன் கிடைக்காட்டி?" என்றான் முனியராஜ். "டயல் பண்ணி உள்ள போறதுக்குள்ள நம்ம சரக்கு என்னன்னே மறந்துரும். அவுட்லுக்ல இறக்கிட்டா லைனைக் கட் பண்ணிட்டு நிதானமாப் படிக்கலாம்லா."

இது நல்ல பாயிண்ட். தலைவருக்கு மூன்றுமே நல்லதாகப் பட்டன. கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுவது அவருடைய சுபாவம். எனவே யாரையும் கடைசியாகப் பேசவிடாமல், மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானம் நிறைவேற்றினார்.

முதலில் தண்டர்பேர்ட். செல்வமணி சார் அதை ஏற்றி, அய்யாதுரை முகவரியிலிருந்து அய்யாதுரை முகவரிக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பினார். அது வந்து சேர்ந்தது. பக்கத்தில் தேதி, பளிச்சென்று, 16-01-2006. நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். நான்கு பேரும் ஆடி மாதத்தில் சிவகாசி வட்டாரத்தில் பிழைக்கிறவர்கள்.

"பளிச்சுன்னு இருக்கு" என்றார் தலைவர்.

"திறந்த மூலம்" என்றார் சார்.

அதே உற்சாகத்தில் கிள்ளானுக்கு நான்காவது தடவை முருகன்கள் புறப்பட்டார்கள்.

திங்கட்கிழமையும் பதில் இல்லை என்றதும் கருப்பணனின் முறை வந்தது. டயல் பண்ணி, கீச்கீச்சென்று கத்தி, லைன் கிடைத்து, மெயில் வைத்திருக்கிற வலைத்தளத்தின் வாசலுக்குப் போனதும் ஒரு பெட்டி வழிமறித்தது. செல்வமணி சார் அதைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்: இந்தத் தளத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அல்லது இன்னும் அமலுக்கு வரவில்லை.

கருப்பணனுக்கு இது பழகிய பிரதேசம். "பாத்தீகளா, லைசென்ஸை ரினியூவல் பண்ணாம விட்டிருக்கான். பெரிய கம்பெனின்னு பேரு. இதே நம்ம யூனிட்டா இருந்தா இந்நேரம் சீல் வச்சுட்டுப் போயிருப்பாக. இவன்கிட்ட சரக்கு வைக்காத அய்யாதுரை."

"நீங்கதான அண்ணாச்சி வைக்கச் சொன்னீக?"

"லைசென்ஸ் உள்ளவன்கிட்ட வைன்னேன்."

முனியராஜ் தன் முறை வந்ததும் மறுபடி பார்மேட் அடித்து, மறுபடி தேதிக்கு ஆமாம் சொல்லி, அவுட்லுக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டான். அன்று ஐந்தாவது தடவையாக முருகன்கள் போனார்கள். மெயில் வருகிறதா வருகிறதா என்று பார்ப்பதற்காக லைனை வெட்டவே இல்லை. கமிட்டி நாற்காலியைத் திரையைச் சுற்றிப் போட்டு, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. அய்யாதுரை தன் கார்டு யார் யாரிடம் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தார். எல்லாரிடமும் திருப்பி வாங்குவது நடக்காத காரியம்.

செவ்வாய்க்கிழமையும் கமிட்டி லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. பதினோரு மணிக்குப் பொன்னுத்தங்கம் கை துடைத்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டருக்குப் போகிற டெலிபோன் வயரைப் பிடுங்கினாள்.

"தங்கம், என்ன வேலை பாக்க நீ?"

"ஆமத்தூர்ல எங்க அக்கா என்ன ஆனாளோ ஏதானாளோன்னு பாக்க வேண்டாமா? நாலு நாளா போனை நீங்க கட்டிக்கிட்டு அழுகுறீக."

வயரைப் போனில் சொருகினாள். ரிசீவரை எடுக்கக் கை நீட்டும்போதே மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "யாரு... எங்கருந்து... ஆமா, அவுக வீடுதான்" என்று சொல்லிவிட்டு, ரிசீவரைத் தள்ளிப் பிடித்து, "உங்க கிள்ளான் அண்ணாச்சி" என்றாள்.

அய்யாதுரை எழுந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வாங்கினார்.

"என்ன தம்பி, வெள்ளிக்கிழமையிலருந்து இந்த நம்பரை அடிச்சுக்கிட்டே இருக்கேன். எப்பம் அடிச்சாலும் எங்கேஜ்டு. வீட்ல கல்யாணம் கில்யாணம் வச்சிருக்கீகளோ?" என்றார் பலவேசம்.

"இல்ல அண்ணாச்சி, மெயில்... உங்க மெயிலுக்குத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். நாங்க போட்டது கிடைச்சுதா?"

"எங்க போட்டீக? வியாழக்கிழமைக்கு அப்புறம் உங்ககிட்டருந்து ஒண்ணுகூட வரலியே. கேட்ட கேள்விக்குப் பதிலக் காணோமேன்னுதான் அடிச்சேன். இருங்க, எம்மக கம்ப்யூட்டர்லதான் இருக்கா." அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. பலவேசம் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏயப்பா, இங்கனல்லா கெடக்கு! சந்தேகமான மெயிலையெல்லாம் இது ஒரு குப்பைப் பெட்டியில தள்ளிவிட்டுரும். பெட்டி பூரா முருகனா நிக்காரு."

"சந்தேகப்படுற மாதிரி நாங்க ஒண்ணும் எழுதலையே அண்ணாச்சி."

"எழுத்துல ஒண்ணுமில்ல, தேதியில. முதல்ல போட்டது அடுத்த வருஷம் ஜனவரி பதினாலு. ரெண்டாவது பதினஞ்சாம் தேதி, மாட்டுப் பொங்கலு. பதினாறுக்கு ரெண்டு இருக்கு, காணும் பொங்கலுக்கும் விடாம வேலை பாத்திருக்கீக. கடைசி பதினேழு. இன்னும் வராத தேதியில மெயில் வந்தா இது நம்ப மாட்டேங்குது தம்பி."

அய்யாதுரை கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். மவுஸை நகர்த்தி மூலையிலிருந்த கடிகாரத்தின் மேல் நிறுத்தினார். அது ஒளிக்கவில்லை, ஜனவரி 18, 2006 என்று எழுதிக் காட்டியது. வெள்ளிக்கிழமை தான் அமுக்கிய ஓகே அவருக்கு நினைவு வந்தது. முதுகுக்குப் பின்னால் கமிட்டியும் குனிந்து படித்துக்கொண்டிருந்தது.

"அது வந்து அண்ணாச்சி, நாங்க அடுத்த வருஷ வேலையில இருக்கிறதால தேதியைக் கொஞ்சம் அட்வான்ஸா வச்சிருக்கோம்."

"அட்வான்ஸா வச்சிக்கிடுங்க, நல்லதுதான்" என்றார் பலவேசம். மகளிடம் திரும்பி ஏதோ கேட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அய்யாதுரை பஜாரை விட்டுவிட்டு ரயில்வே லைன் ஓரமாகவே நடந்து பழகிக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பார்த்தார். பிறகு பலவேசம் சொன்னார்: "உங்க ரெண்டாவது முருகன் நல்லா இருக்காரு. மயிலு தலையைத் திருப்பிப் பாக்குது பாருங்க, அது. எம்மகளுக்கும் பிடிச்சிருக்கு. ஆர்டரை உங்களுக்கே தந்துருதேன்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி."

"அட்டை மட்டும்."

"அண்ணாச்சி?"

"முருகன் அட்டை உங்ககிட்ட. அதுல தைக்கிற தேதிக் கட்டு இருக்குல்லா, கிழிக்கிறது, அதை மட்டும் வேற ஆள்கிட்ட வாங்கிக்கிடுதேன். வருத்தப்படாதீக. இங்கன நம்ம சனம் பொங்கலுக்கு லீவு எழுதிக் குடுக்கறதே என் கடைக் காலண்டரைப் பாத்துத்தான். கிழமை ஒண்ணு மாறிப்போச்சுன்னா என் கல்லாவுல வந்து சண்டைக்கு நிப்பாக."

"பொங்கல் சனிக்கிழமைன்னு சரியாத்தான அண்ணாச்சி சொன்னோம்."

"அது சரிதான். ஆனா பொங்கலன்னிக்கே சொல்லியிருக்கீகளே" என்று சொல்லி, வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டு, போனை வைத்தார்.

பொன்னுத்தங்கம் ரிசீவரைக் கையிலிருந்து வாங்கி, ஆமத்தூருக்கு நம்பர் சுழற்றத் தொடங்கினாள். கமிட்டியில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள். மெயில் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆகவே அவுட்லுக்கில் குறையில்லை என்றான் முனியராஜ். நடுவில் போன ஒன்று தண்டர்பேர்டில் போனது என்பதை யாரும் மறக்க வேண்டாம் என்றார் செல்வமணி சார். குடோனை வெளியே வைத்திருந்தால் இந்த வீட்டுத் தேதி அதில் ஒட்டியே இருக்காது என்று கருப்பணன் நிதானமாகச் சொன்னார். தற்செயலாக அது உண்மை. அதனாலோ என்னவோ, மற்ற இருவரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தேதியை அன்றே சரிசெய்தார்கள். சரிசெய்ததும், மறுபடி ஏற்றிய வைரஸ் சாப்ட்வேருக்கு ஆயுள் திரும்பியது. வலைத்தளத்துக்கு லைசென்ஸ் கிடைத்தது. முனியராஜ் இரண்டு பார்மேட்டுக்கும் சேர்த்துக் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ஆடி பதினெட்டு. அய்யாதுரை சிவகாசிக்குப் போய் அட்டைக்கு மிஷினில் இடம் பிடித்து, அச்சகத்தில் எடுத்துக் கொடுத்த முதல் நகலைச் சுருட்டிக்கொண்டு சாயங்காலம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். பஜார் வழியாகவே நடந்தார். பழக்கடை முன்னால் கருப்பணன் நின்றிருந்தார். கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் கூடினார்கள். அய்யாதுரை சுருளைப் பிரித்துப் பிடித்தார். மேலே முருகன், பக்கத்தில் மயில், தலையைத் திருப்பி. கீழே 'பலவேசம் மசாலா, கிள்ளான்' என்று தங்க எழுத்தில். இரண்டுக்கும் நடுவில், ஒரு வேலைப்பாடும் இல்லாமல், வெள்ளையாக ஒரு சதுரம்.

"பாரின் ஆர்டருய்யா" என்றார் கடைக்காரர் மற்ற இருவரிடம். பிறகு சதுரத்தின் மேல் விரலை வைத்தார். "இங்கன என்ன வரும் அண்ணாச்சி?"

கருப்பணன் வானத்தைப் பார்த்தார்.

"அந்த எடத்தை நாங்க பார்ட்டியோட விருப்பத்துக்கு விட்டுருவோம்" என்றார் அய்யாதுரை. "எக்ஸ்போர்ட்டுல எல்லாம் அப்படித்தான்."